காலித் தொழுவும் ஒரு பாட்டும்

ரொம்ப நாளா இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கலை. எழுத விஷயம் இல்லாம இல்லை. ஒரு விஷயம் தொண்டையிலேயே நின்னுக்கிட்டு இருந்தது, அதை எழுதாம வேற எதையும் எழுத மனசு வரலை. இன்னைக்கு எப்படியாவது எழுதிடுறதுன்னு உட்கார்ந்துட்டேன். பதிவு கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கோங்க.

முதல்லயே ஒரு டிஸ்கி: இது பிரசங்கம் இல்லை. யாரையும் எங்க கோவிலுக்குக் கூப்பிடவும் இல்லை. நானே ஒழுங்கா கோவிலுக்குப் போறவன் கிடையாது :-) பைபிள்ல இருக்கிற ஒரு துதிப் பாட்டைப் பத்தியும், அது எங்க அப்பாவோட வாழ்க்கையில வந்து உட்கார்ந்த விதத்தைப் பத்தியும் சொல்லப் போறேன். கிறிஸ்தவர் இல்லாத நண்பர்களும் தைரியமா படிக்கலாம்.

அந்தப் பாட்டு ஆபகூக் புத்தகத்தோட 3ஆம் அதிகாரம். கத்தோலிக்க நண்பர்கள் கையில இருக்கிற திருவிவிலியத்துல அவர் பேர் அபக்கூக்கு. பழைய ஏற்பாட்டோட கடைசியில பன்னிரண்டு சின்னத் தீர்க்கதரிசிகள் வரிசையா வருவாங்க இல்லையா, அதுல எட்டாவது ஆள். மொத்தமே 3 அதிகாரம், 56 வசனம். டீ ஆறுறதுக்குள்ள படிச்சு முடிச்சிடலாம்.

ஆனா முழுப் புத்தகத்தையும் படிச்சவங்க கம்மி. கடைசி மூணு வசனம் மட்டும் எல்லாருக்கும் தெரியும். காலண்டர்ல இருக்கும், புது வருஷத்துக்குக் கோவில்ல கொடுக்கிற வசன அட்டையில இருக்கும். அத்தி பூக்கலை, திராட்சை காய்க்கலை, ஒலிவ மரம் ஏமாத்திடுச்சு, வயல்ல விளைச்சல் இல்லை, பட்டியில ஆடு இல்லை, தொழுவுல மாடு இல்லை. இருந்தாலும் நான் ஆண்டவருக்குள்ள சந்தோஷமா இருப்பேன், மான் மாதிரி என்னை உயரத்துல நடக்க வைப்பார். இதுதான் அந்த மூணு வசனத்தோட சாரம். எங்க வீட்டு முன்னறையிலயும் அதை ஃப்ரேம் போட்டு மாட்டியிருந்தது. ஒலிவ மரம் எப்படி இருக்கும்னே தெரியாத வயசுல அதை மனப்பாடமா ஒப்பிச்சு ஞாயிறு பள்ளியில ஒரு பென்சில் டப்பா பரிசு வாங்கியிருக்கேன்.

இனி கொசுவத்தி சுத்துறேன்.

எங்க ஊர் தாமிரபரணிப் பாசனம். ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுக்குக் கீழே ஒரு சின்ன கிராமம். அப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர்ல வாழை, வீட்டுக்குப் பின்னாடி தொழுவுல ரெண்டு பசு. நான் சென்னையில கணினி முன்னாடி குப்பை கொட்டிக்கிட்டு இருக்கேன். 2023 டிசம்பர் தொடக்கத்துல மிக்ஜாம் புயல்ல எங்க தெருவே மிதந்தப்போ, ஊர்ல இருந்து அப்பாதான் போன் பண்ணி, "எல, பேசாம இங்க கிளம்பி வந்துரு. இங்க ஒரு சொட்டு மழை கிடையாது"ன்னு சொன்னார்.

ரெண்டே வாரம். டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. அன்னைக்குப் பிடிச்ச மழை மறுநாள் காலை வரைக்கும் விடலை. காயல்பட்டினத்துல மட்டும் 24 மணி நேரத்துல 95 சென்டிமீட்டர். அந்தப் பக்கம் ஒரு முழு வருஷத்துக்கே அவ்வளவு பெய்யாது. செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்துல நின்னு போய் சுமார் 800 பேர் மாட்டிக்கிட்டதை டிவியில பார்த்திருப்பீங்க. நானும் டிவியிலதான் பார்த்தேன். ஊருக்கு ஒரு போனும் போகலை.

மூணாவது நாள் யாரோ ஒருத்தர் போன்ல இருந்து அப்பா பேசினார். "நாங்க நல்லாருக்கோம். வாழை பூரா போச்சு. மாடு ரெண்டும் போச்சுல." அவ்வளவுதான். லைன் கட்டாயிடுச்சு.

கிறிஸ்துமஸுக்கு ரெண்டு நாள் முன்னாடி ஊருக்குப் போனேன். நடந்தது என்னன்னு அம்மாதான் சொன்னாங்க. ராத்திரி குளம் உடைச்சுக்கிட்டு தண்ணி வந்திருக்கு. அப்போ முழங்கால் அளவுதான். அம்மாவைப் பக்கத்து மாடி வீட்டுல விட்டுட்டு, திரும்பி வந்து மாட்டைப் பிடிச்சுட்டுப் போயிடலாம்னு அப்பா நினைச்சிருக்கார். அம்மாவை ஏத்தி விட்டுட்டுத் திரும்பிப் பார்த்தா, தெருவுல கழுத்தளவு தண்ணி இழுத்துக்கிட்டு ஓடுது. மாடு கத்தினது மாடி வரைக்கும் கேட்டுச்சாம். கொஞ்ச நேரத்துல அந்தச் சத்தமும் நின்னு போச்சாம்.

தொழுவுல முளைக்குச்சி அப்படியே இருந்தது, கயிறும் அப்படியே இருந்தது. அப்பா அதைப் பார்த்துக்கிட்டே, "கயிற மட்டும் அவுத்து விட்டுட்டுப் போயிருந்தேன்னு வச்சுக்கோ, எங்கயாவது ஒரு மேட்டுல ஏறி நின்னுருக்கும்"னு சொன்னார். அந்த வாரத்துல அதையே பத்து தடவையாவது சொல்லியிருப்பார்.

வாழையைப் பத்தி ஒண்ணும் சொல்லலை. குலை தள்ளின மரம் பூரா சேத்துல படுத்துக் கிடந்தது. அதுக்குக் கடன் வேற இருந்தது. ஆனா அவர் வாயில வந்ததெல்லாம் அந்தக் கயிறுதான்.

விசாரிக்க வந்தவங்க நல்ல மனசோடதான் வந்தாங்க. ஆனா சொன்னதெல்லாம், "எல்லாம் நன்மைக்குத்தான்", "இது ஒரு சோதனை", "இரட்டிப்பா திரும்ப வரும்". அப்பா தலையை ஆட்டிக்கிட்டே இருந்தார். வெளிநாட்டுல இருக்கிற சொந்தக்காரர் ஒருத்தர் வாட்ஸ்அப்ல ஒரு படம் அனுப்பினார். சூரிய உதயம், மலை உச்சியில ஒரு மான், கீழே நம்ம ஆபகூக் வசனம். அதைப் பார்த்ததும் எனக்கு வந்த கோபத்தை இங்க எழுத முடியாது. தொழுவுல மாடு இல்லைன்னாலும் சந்தோஷமா இரு அப்படின்னு, கயிறைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கிற மனுஷனுக்கு அனுப்பலாமா?

அந்தக் கோபத்துலதான் முழுப் புத்தகத்தையும் படிச்சேன். சண்டை போட ஒரு பாயிண்ட் கிடைக்கும்னு :-)

கிடைச்சது வேற.

புத்தகம் ஆரம்பிக்கிறதே ஒரு சண்டையிலதான். கி.மு. 600 வாக்குல நடக்கிற கதை. யூதா நாட்டுல அநியாயம் தலைவிரிச்சு ஆடுது, நீதிமன்றத்துல நியாயம் கிடைக்கலை. ஆபகூக் கடவுளைப் பார்த்து நேரடியா கேட்கிறார்: எத்தனை நாளைக்கு நான் கத்திக்கிட்டே இருக்கிறது, நீர் காதுலயே வாங்கிக்க மாட்டீரா? மத்த தீர்க்கதரிசிகள் பெரும்பாலும் கடவுள் பக்கம் நின்னு ஜனங்ககிட்ட பேசுவாங்க. இவர் ஜனங்க பக்கம் நின்னு கடவுள்கிட்ட பேசுறார்.

கடவுள் பதிலும் சொல்றார். ஆனா அது இன்னும் மோசம். அநியாயத்தைத் தண்டிக்க நான் கல்தேயரைக் கொண்டு வரப்போறேன்ங்கிறார். கல்தேயர்னா பாபிலோன்காரங்க. அந்தக் காலத்துல அந்தப் படை வருதுன்னா ஊரே காலி. (கி.மு. 597ல எருசலேம் அவங்க கையில விழுந்தது. சுமார் பத்து வருஷம் கழிச்சு ஆலயத்தையே இடிச்சுட்டாங்க.) ஆபகூக் விடலை. அக்கிரமத்தைப் பார்க்கவே சகிக்காதவர்னு உம்மைச் சொல்றாங்க, அப்படிப்பட்ட நீர் எங்களை விடக் கெட்டவனைக் கொண்டு எங்களை அடிக்கிறது என்ன நியாயம்னு மறுபடியும் கேட்கிறார். கேட்டுட்டு, பதில் வர்ற வரைக்கும் காவல் மேட்டை விட்டு இறங்க மாட்டேன்னு போய் நின்னுக்கிறார்.

வந்த பதில்ல ஒரு பகுதி கிறிஸ்தவ உலகத்தையே புரட்டிப் போட்டது. நீதிமான் பிழைக்கிறது தன் விசுவாசத்தாலதான்ங்கிற கருத்து 2ஆம் அதிகாரம் 4ஆம் வசனத்துல இருக்கு. அதைப் பவுல் ரோமர், கலாத்தியர் ரெண்டு கடிதத்துலயும் எடுத்து எழுதினார். எபிரெயர் கடிதத்துலயும் வரும். மார்ட்டின் லூதர் பிடிச்சுக்கிட்டதும் அதைத்தான். ஆனா முதன்முதலா அது சொல்லப்பட்டது இறையியல் வகுப்புல இல்லை. ஊர் அழியப் போகுதுன்னு தெரிஞ்சு மேட்டுல நின்ன ஒரு மனுஷன்கிட்ட.

அதுக்கப்புறம்தான் 3ஆம் அதிகாரம், பாட்டு. அந்தப் பாட்டோட பெரும்பகுதி புயல் மாதிரி. கடவுள் தெற்கு மலைகள்ல இருந்து கிளம்பி வர்றார், மலை நடுங்குது, ஆறுகள் பூமியைப் பிளக்குது, சூரியனும் சந்திரனும் நின்ன இடத்துலயே நிக்குது. நடுநடுவே 'சேலா'ன்னு மூணு தடவை வருது. சங்கீதங்கள்ல மட்டுமே வர்ற இசைக் குறிப்பு அது. சங்கீத புத்தகத்தைத் தாண்டினா பைபிள்ல இந்த ஒரு அதிகாரத்துலதான் இருக்கு. அதாவது இது படிக்கிறதுக்கு எழுதினது இல்லை, பாடுறதுக்கு எழுதினது.

எங்க வீட்டு ஃப்ரேம்ல 17ஆம் வசனத்துல இருந்துதான் இருக்கும். 16ஐ யாரும் ஃப்ரேம் போடுறதில்லை. அதுல அந்த ஆள் சொல்றார்: வயிறு கலங்குது, உதடு துடிக்குது, எலும்புக்குள்ள உளுத்துப் போன மாதிரி இருக்கு, நின்ன இடத்துல கால் நடுங்குது. உடனே அடுத்த வசனம், அத்தி பூக்காட்டியும்னு ஆரம்பிக்குது. நடுக்கம் நின்ன பிறகு பாடின பாட்டு இல்லைங்க இது. நடுங்கிக்கிட்டே பாடினது.

அந்த ஆறு இழப்பையும் கொஞ்சம் பாருங்க. இஸ்ரேல் நாட்டுல கோதுமையும் வாற்கோதுமையும் வசந்தத்துல அறுப்பாங்க. அத்தியும் திராட்சையும் கோடைக்கு. ஒலிவம் அதுக்குப் பிறகு. வருஷத்தோட எல்லாப் பட்டமும் பொய்த்துப் போச்சுங்கிறார். அத்தியும் திராட்சையும் இல்லாம ஒருத்தன் இருந்துடலாம். எண்ணெய் இல்லைன்னா விளக்கு எரியாது. தானியம் இல்லைன்னா சோறு இல்லை. மாடு இல்லைன்னா அடுத்த வருஷம் உழவே முடியாது. பழத்துல ஆரம்பிச்சு, எதிர்காலத்தைப் பூட்டுறதுல முடிக்கிறார். படையெடுப்பு நடந்த ஊர்ல இதுதான் நிலைமை. விவசாயிக்கு மட்டுமே இந்த வரிசை முழுசாப் புரியும்.

இதுல ஒரு விஷயம் என்னை ரொம்ப யோசிக்க வச்சது. மாடு திரும்ப வரும்னு அந்தப் பாட்டுல ஒரு இடத்துலயும் இல்லை. இரட்டிப்பா கிடைக்கும்னு இல்லை. எல்லாம் நன்மைக்குன்னும் இல்லை. விசாரிக்க வந்தவங்க சொன்ன எதையுமே ஆபகூக் சொல்லலை.

சரி, அப்பாவுக்கு வர்றேன்.

அந்த வருஷம் அவர் கோவிலுக்குப் போறதை நிறுத்தலை. ஆனா பாடுறதை நிறுத்திட்டார். பாமாலை, கீர்த்தனை எல்லாம் புத்தகம் பார்க்காம பாடுற ஆள். பக்கத்துல நின்னு பார்த்தேன், வாய் அசையவே இல்லை. நான் ஒண்ணும் கேட்கலை.

2024ல அறுப்பின் பண்டிகை வந்தது. தெரியாதவங்களுக்கு: தென் மாவட்டக் கிராமத்துக் கோவில்கள்ல வருஷத்துக்கு ஒரு தடவை அவங்கவங்க விளைச்சல்ல ஒரு பங்கைக் காணிக்கையாக் கொண்டு வந்து வைப்பாங்க. நெல்லு, வாழைத்தார், பூசணி, கோழி, முட்டை, கருப்பட்டின்னு பீடத்துக்கு முன்னாடி சந்தை மாதிரி இருக்கும். ஆராதனை முடிஞ்சதும் எல்லாத்தையும் ஏலம் விடுவாங்க. ஒரு முட்டை ஐநூறு ரூபாய்க்குப் போகும், சிரிப்பும் கும்மாளமுமா இருக்கும். எங்க அப்பாவோட முதல் தார் எப்பவும் அங்கதான் போகும். எனக்கு நினைவு தெரிஞ்சு அது தவறினதே இல்லை. அந்த வருஷம் புதுசா வச்ச கன்னு இடுப்பளவுதான் நின்னது. கொண்டு போக ஒண்ணும் இல்லை.

முந்தின நாள் சாயங்காலம் உபதேசியார் வீட்டுக்கு வந்தார். "அண்ணாச்சி, நாளைக்கு வேதபாடம் நீங்கதான் வாசிக்கணும். 65ஆம் சங்கீதம் குறிச்சிருக்கேன்." அது அறுவடைக்குன்னே அளவெடுத்துத் தைச்ச சங்கீதம். பள்ளத்தாக்கெல்லாம் தானியம் போர்த்திக்கிட்டு நிக்கும்.

அப்பா கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "அது வேண்டாம் உபதேசியாரே. ஆபகூக் மூணு வாசிக்கேன்" அப்படின்னார்.

உபதேசியார் என்னைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். "சரி அண்ணாச்சி"ன்னு சொல்லிட்டுப் போயிட்டார்.

மறுநாள் அப்பா வாசிச்சார். பழக்கப்பட்ட குரல், மலை நடுங்குற இடமெல்லாம் தடுமாறாம போச்சு. 16ல உதடு துடிக்கிறதையும் வாசிச்சார். 17. அத்தி, திராட்சை, ஒலிவம், வயல், ஆடு... தொழுவுகிட்ட வந்ததும் குரல் நின்னுடுச்சு.

சும்மா ஒரு நொடி இல்லை. ரொம்ப நேரம். மேலே ஃபேன் சத்தம் மட்டும் கேட்குது. நான் எழுந்து போகலாமான்னு யோசிக்கிறேன், கால் வரலை.

அப்போ பெண்கள் பக்கம், பாயில உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி மீதியைச் சொல்ல ஆரம்பிச்சாங்க. எங்களுக்குப் பெரியம்மை முறை. எழுதப் படிக்கத் தெரியாது. வெள்ளத்துல பட்டியோட ஒன்பது ஆடு போனவங்க. உரக்கச் சொல்லலை, அடுப்படியில பேசுற மாதிரி மெதுவாத்தான் சொன்னாங்க. ரெண்டு வார்த்தைக்குள்ள பக்கத்துல இருந்தவங்க சேர்ந்துக்கிட்டாங்க. அப்புறம் எல்லாரும். எல்லார் வீட்டுச் சுவத்துலயும் இருக்கிற வசனம்தானே, யாருக்கும் புத்தகம் தேவைப்படலை. நானும் சொன்னேன். பென்சில் டப்பா வாங்கினப்போ சொன்னதுக்கு அப்புறம் அன்னைக்குத்தான் வாய் திறந்து சொல்றேன்.

சொல்லி முடிச்சதும் அப்பா புத்தகத்தைப் பார்த்தார். ஃப்ரேம்ல இல்லாத துண்டு ஒண்ணு அந்த அதிகாரத்தோட கடைசியில இருக்கு. இது பாடகர் தலைவருக்கு, என்னோட தந்திக் கருவிகளோட பாடணும் என்கிற மாதிரி ஒரு குறிப்பு. அதை மட்டும் தனியா வாசிச்சிட்டு, புத்தகத்தை மூடி வச்சிட்டு வந்து உட்கார்ந்தார்.

அந்தக் குறிப்பை நான் அதுவரைக்கும் ஒரு பொருட்டாவே எடுத்துக்கிட்டதில்லை. இப்போ எனக்கு முழுப் பாட்டோட அர்த்தமும் அதுலதான் இருக்கிறதாத் தோணுது. ஒரு மனுஷன் தனியா நின்னு சண்டை போட்டு, தனியா நடுங்கி, கடைசியில தன் பாட்டைப் பாடகர் தலைவர் கையில கொடுக்கிறார். என்னால முடியாத அன்னைக்கு நீங்க பாடுங்கன்னு கொடுத்த மாதிரி இருக்கு. "சந்தோஷமா இரு"ன்னு அடுத்தவனுக்குக் கட்டளை போடுற வசனம் இல்லை அது. அவன் தொண்டை அடைச்சுப் போகும்போது பக்கத்துல இருக்கிறவன் எடுத்துப் பாட வேண்டிய வரி. அந்தப் பாட்டிக்கு அதைச் சொல்ல உரிமை இருந்தது. அவங்க பட்டியும் காலி.

பிறகு தேடிப் பார்த்தப்போ, இந்தப் பாட்டு போயிருக்கிற இடமெல்லாம் ஆச்சரியமா இருந்தது. கிழக்கு ஆர்த்தடாக்ஸ் சபைகள்ல காலை வழிபாட்டுக்குன்னு ஒன்பது வேதாகமப் பாடல்கள் உண்டு, அதுல இது நாலாவது. கத்தோலிக்கரோட பழைய லத்தீன் வழிபாட்டுல பெரிய வெள்ளிக்கிழமை அன்னைக்கு இதுல இருந்து பாடியிருக்காங்க. சிலுவை நாளுக்கு ஒரு துதிப் பாட்டு! இஸ்ரேலுக்கு வெளியே வாழுற யூதர்கள் ஷாவுவோத் பண்டிகையோட ரெண்டாம் நாள் இதை வாசிக்கிறாங்க. சீனாய் மலையில கடவுள் இறங்கினதை நினைவுபடுத்துதுங்கிறதால அந்த வாசிப்பு. ஆனா ஷாவுவோத் அடிப்படையில கோதுமை அறுவடைப் பண்டிகை. வயல்ல விளைச்சல் இல்லைன்னு சொல்ற பாட்டு, அறுப்பின் பண்டிகையில! எங்க அப்பாவுக்கு இதெல்லாம் தெரியாது. அவரா தேர்ந்தெடுத்தார்.

கத்தோலிக்க நண்பர்களுக்கு இன்னொண்ணு. உங்க பைபிள்ல தானியேல் 14ஆம் அதிகாரத்துல அபக்கூக்கு வயல்ல அறுக்கிறவங்களுக்குச் சாப்பாடு எடுத்துட்டுப் போவார். தேவதூதன் அவரைத் தலைமுடியைப் பிடிச்சுத் தூக்கிட்டுப் போய், சிங்கக் குகையில பட்டினியா இருக்கிற தானியேல்கிட்ட இறக்கி விடுவான். அங்க இவர் ஒரு அறிவுரையும் சொல்லலை. சாப்பாட்டைக் கொடுத்துட்டு வந்துட்டார். எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம்.

ஆராதனை முடிஞ்சு வீட்டுக்கு நடந்து வரும்போது மெதுவாக் கேட்டேன், "ஏம்ப்பா அதை எடுத்தீங்க?"

"வேற எதை வாசிக்க? அதுலதானே நம்ம தொழு இருக்கு" அப்படின்னார்.

எனக்கு இன்னும் விசுவாசம் அப்படியொண்ணும் பொங்கி வழியலை. ஆபகூக் கேட்ட முதல் கேள்வி எனக்கும் பாக்கிதான் இருக்கு. ஆனா அந்தக் கேள்வியோடயே உள்ள வரலாம்னு இந்தப் புத்தகம் சொல்லுது, அது எனக்கு இப்போதைக்குப் போதும். இன்னொரு முடிவும் எடுத்திருக்கேன். இந்த வசனத்தை யாருக்கும் இனி ஃபார்வர்ட் பண்ண மாட்டேன். முடிஞ்சா நேர்ல போய்ப் பக்கத்துல உட்காருவேன்.

அப்பா இப்போ ஒரு மாடு வாங்கியிருக்கார். கடன் பாக்கி இருக்கு. தொழுவும் அதே தொழுதான். போன தடவை போயிருந்தப்போ கவனிச்சேன், கயிறை இப்போ வேற மாதிரி கட்டுறார். ஒரு இழுப்பு இழுத்தா உடனே அவுந்துடுற முடிச்சு. கட்டிட்டு, ரெண்டு தடவை இழுத்துப் பார்த்துட்டு, மறுபடியும் கட்டிட்டுத்தான் படுக்கப் போறார். அப்போ வாய்க்குள்ள ஏதோ ஒரு கீர்த்தனையை முணுமுணுத்துக்கிட்டே இருந்தார். என்ன பாட்டுன்னு கேட்கலை.

பி.கு.: உங்க வீட்டுச் சுவத்துல மாட்டி வச்சிருக்கிற வசனமோ, பாசுரமோ, ஆயத்தோ, எதுவா இருந்தாலும் அதுக்கு முந்தின வரி என்னன்னு ஒரு தடவை எடுத்துப் பாருங்க. பார்த்துட்டு நேரம் இருந்தா எனக்கும் சொல்லுங்க.